குருசடியும் இரண்டரை மில்லிமீட்டரும்

போன வாரம் ஒரு பிள்ளை போன் செய்தாள். தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த சர்வேயராம். பழைய கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"ஐயா, ஒரே ஃபைல்ல உங்க கையெழுத்தோட ரெண்டு ரிப்போர்ட் கெடக்கு. ஒண்ணுல இந்த எடம் அந்தக் காலத்துல கடலுன்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணுல குடியிருப்புன்னு எழுதியிருக்கீங்க. எது ஐயா சரி?"

"ரெண்டாமத்தது."

"அப்போ மொதல்ல உள்ளத எடுத்துரட்டா?"

"எடுக்காதே பிள்ளே. ரெண்டும் இருக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்தேன்.

முட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவன் நான். அதற்கப்புறம் அந்தக் குப்பியை மூடக்கூடத் தோன்றவில்லை. ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. ஓய்வு என்று பெயர்தான். மாதத்துக்கு ஒருவராவது "ஐயா, ஒரு சந்தேகம்" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். போனில் சொல்லி முடிகிற காரியமாக இருந்தால் அந்தப் பிள்ளையிடமே சொல்லியிருப்பேன். முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த கதையை நீட்ட ஒன்றுமில்லை. ஆறு மாசப் பயிற்சி, இரும்புச் சங்கிலி, வெயில். பிறகு பூதப்பாண்டிப் பக்கம் வயல்களில் முழங்கால் சேற்றில் நின்று வரப்புத் தகராறு தீர்த்தேன். அண்ணனும் தம்பியும் ஒரு முழ வரப்புக்காக மண்வெட்டியைத் தூக்குவார்கள். அளந்து முடித்ததும் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டுவார்கள். எங்கள் மாவட்டத்தில் பழைய நிலப் பதிவுகள் பாதி மலையாளத்தில் இருக்கும். அதை வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக, பன்னிரண்டாம் வருஷம் என்னை நிலப்படங்கள் வைத்திருக்கும் பட அறையில் கொண்டு தள்ளினார்கள்.

அந்த அறைக்குத் தலைவர் தாணுமாலயன் சார். நரைத்த குட்டை முடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சத்தமே வராத நடை. அறைக்குள் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் படத்தைத் தொடுவார். மேஜைமேல் தண்ணீர் செம்பு வைக்கக் கூடாது. படத்தைச் சுருட்டக் கூடாது, மடக்கக் கூடாது. இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொண்டுவர வேண்டும். ஒருநாள் ஒரு அதிகாரி பழைய ஷீட் ஒன்றின்மேல் விரலை ஊன்றிப் பேசிக்கொண்டிருந்தார். சார் அந்த விரலுக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத்தாளைச் செருகிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நாம் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு நிமிர்த்தி வைத்தால் சரி. கவிழ்த்து வைத்தால் தப்பு. எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். கவிழ்ந்த தாளை எடுத்துக்கொண்டு வந்து நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஒரு வருஷம் என் தாள் நிமிர்ந்து கிடந்த நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் வந்து அவரைத் திட்டாத நாளில்லை.

அந்த அறையில் பல வருஷம் கழிந்த பிறகுதான் குளச்சல் ஷீட் என் கைக்கு வந்தது. ராஜா காலத்தில் அளந்து வரைந்தது. ஒரு மைல் தூரத்தை ஒரு அங்குலத்தில் அடக்கியிருப்பார்கள். இன்றைக்கு பஸ் போகிற இடத்தில் ஒற்றை மாட்டுவண்டித் தடம், கான்கிரீட் வீடுகள் நெருக்கியடிக்கிற இடத்தில் பனைமரக் குறிகள், மணல் மேடு, நல்ல தண்ணீர்க் கிணறு. இருந்து காணாமல் போன ஒரு குளம். நான் பிறந்து வளர்ந்தது உள்நாட்டில். கடற்புறத்தை அதுவரை மீன் வாங்கத்தான் பார்த்திருந்தேன். அந்த ஷீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. மத்தியானச் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், படத்தில் இருக்கிற தடத்திலேயே நடந்து பார்ப்பேன். கிணறு இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடை, வழி இருந்த இடத்தில் யாரோ வீட்டு அடுக்களைச் சுவர். "ஆரு நீங்க? என்ன தேடுதிய?" என்று பெண்கள் கேட்பார்கள். "கிணறு" என்றால் சிரிப்பார்கள். என் உத்தியோகத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த காலம் அது என்று சொல்ல வேண்டும். அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் வந்தது.

அப்போதுதான் அந்தத் தெருவின் விவகாரம் வந்தது. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்புறம். பெயர் வேண்டாம். கரையை ஒட்டி ஒரு தெரு, பத்தொன்பது வீடுகள். ஒவ்வொரு ஆனி ஆடியிலும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக வந்து படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரசாங்கத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தை மனைகளாகப் பிரித்து, கரையில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குக் கொடுப்பது. ஆனால் கடல் விலகிய மணலில் சமீபத்தில் வந்து குடிசை போட்டவர்களுக்குக் கிடையாது, அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். இந்தத் தெரு எந்த வகை? யாரிடமும் பத்திரம் இல்லை. கடற்கரையில் பத்திரம் எழுதி யார் குடியேறினார்கள்? பழைய படத்தைப் பார்த்து, அந்த இடம் அந்தக் காலத்தில் தரையா கடலா என்று எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு வாரம் கெடு.

செய்கிற முறை இதுதான். இப்போதைய கிராமப் படத்தைப் பழைய ஷீட்டின் அளவுக்குச் சுருக்கி, ஒளி ஊடுருவும் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பழைய ஷீட்டைக் கண்ணாடி மேஜையில் விரித்து, கீழே பல்பைப் போட்டு, அதன்மேல் இந்தத் தாளை வைக்க வேண்டும். இரண்டு படத்திலும் இருக்கிற, நகராத மூன்று இடங்களைப் பிடித்து, மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்வரை தாளை நகர்த்த வேண்டும். உட்கார்ந்துவிட்டால் பழைய கரையும் இன்றைய கரையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

நான் பிடித்த மூன்று: பாறைக்குன்றின் உச்சியில் இருக்கும் அளவைக் கல், கால்வாய்ப் பாலம், கடற்புறத்துக் கோயில். கல்லும் பாலமும் அச்சாக உட்கார்ந்தன. கோயில் உட்காரவில்லை. இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் அறுபத்துமூன்று மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட நூற்றறுபது மீட்டர்.

பழைய காகிதம் ஈரத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் சுருங்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கரைப்பக்கம் சுருங்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன். தாளை இழுத்துக் கோயிலின்மேல் கோயிலை உட்காரவைத்தேன். கரையும் கூடவே வந்தது. பத்தொன்பது வீடும் பழைய படத்தின் கடலுக்குள் போய் விழுந்தன.

சார் வந்து குனிந்து பார்த்தார். "மூணுல ரெண்டு ஒரு பக்கம் நிக்கி, ஒண்ணு ஒரு பக்கம் நிக்கி. எதடே நம்புன?"

"கோயிலை, சார். கரையில இருக்கது அதுதான். கல்லுக் கட்டடம், அது எங்க போகும்?"

"நேர போய்ப் பாத்தியா?"

"போன மாசம்கூட அந்த வழியா நடந்தேன், சார்." நடந்தது உண்மை. கோயிலைப் பார்த்ததும் உண்மை.

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கெடு மறுநாள். என் தாளை நிமிர்த்தி வைத்தார். 'மேற்படி இடம் முற்காலத்தில் கடலாக இருந்து, பின்னர் விலகிய மணற்பரப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவரும் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ரோசம்மா வந்தாள். ஐம்பது வயசு இருக்கும். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்கிறாள். வட்டிக்கூடையை வராந்தாவில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். பியூன் தடுத்ததற்கு "மாறி நில்லும்" என்றாள்.

"இஞ்ச படம் பாக்குத சார் ஆரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"எங்களுக்க தெரு கடலுல கெடந்துதுன்னு நீங்களா எழுதினிய?"

"பழைய படத்துல அப்படித்தாம்மா இருக்கு."

"எனக்க அப்பன் அந்தத் தெருவுல பொறந்தாவ. தாத்தா அந்தத் தெருவுல செத்தாவ. அப்போ அவிய எல்லாம் என்ன சாரே, சாளை மீனா, அயிலையா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. படம் பொய் சொல்லாதும்மா என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவள் என்னை ஏறஇறங்கப் பார்த்தாள். "படம் பொய் சொல்லாது. செரி. நீங்க வந்து ஒருக்க பாருங்க. பாத்துக்கிட்டு இதே சொல்லுங்க, நான் பெறவு வரமாட்டேன்" என்றாள்.

பிறகும் வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். பேச மாட்டாள், வாசலுக்கு நேரே நின்றுவிட்டுப் போவாள். நாலு வாரம் தாங்கினேன். ஒரு சனிக்கிழமை, அவளுடைய வாயை மூட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் புறப்பட்டுப் போனேன்.

தெருமுனையில் மணலில் ஆளுயரத்துக்கு ஒரு சிமெண்டுச் சிலுவை, சின்னக் கூரை, அணைந்த மெழுகுவர்த்திகள். குருசடி. எங்கள் கடற்கரையில் வழிக்கு வழி இதுபோல இருக்கும். நான் மிஷன் சபைக்காரன், புராட்டஸ்டண்ட். எங்களுக்குக் குருசடி கிடையாது, அதனால் கண்ணில் பட்டாலும் மனசில் படாது. எத்தனை தடவை அதைத் தாண்டி நடந்திருப்பேன்!

ரோசம்மா அதற்கு முன்னால் நின்று நெற்றியில் குருசு வரைந்துகொண்டாள். "இதுக்க நேர எதிர எங்க வீடு. எனக்க அப்பன் இந்தக் கோயிலுலதான் ஞானஸ்நானம் வாங்குனாவ" என்றாள்.

"எந்தக் கோயில்? கோயில் அங்கல்லா இருக்கு?" என்று மேட்டைக் காட்டினேன்.

"அது புதுக்கோயிலு. அப்பன் சின்னப் பிள்ளையாட்டு இருக்கும்போ கடலடிச்சு சுவரு விரிஞ்சு போச்சு. பெறவு மேட்டுல கொண்டு கட்டினாவ. இதான் பழைய கோயிலு நின்ன எடம். பீடம் இருந்த எடத்த வெறுசாட்டு போட்டிரப்பிடாது, சாரே. அதுனால குருசடி வச்சாவ. எல்லாக் கடப்பொறத்துலயும் அப்படித்தான். ஒங்களுக்கு இது தெரியாதா?"

தெரியாது. எங்கள் ஊரில் சர்ச் இடிந்தால் அதே அஸ்திவாரத்தில் எழுப்புவோம். கோயில் மேட்டுக்குப் போகும், பீடத்தின் இடத்தில் குருசு நிற்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குருசடியிலிருந்து புதுக்கோயில் படிவரை நாடா பிடித்து அளந்தேன். நூற்று ஐம்பத்தெட்டு மீட்டர் வந்தது. காகிதம் சுருங்கவே இல்லை. கல்லும் பாலமும் சத்தியம் சொன்னதைத் தள்ளிவிட்டு நான்தான் படத்தை இழுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடி மேஜையில் மறுபடி வைத்தேன். படத்துக் கோயிலைக் குருசடியில் வைத்ததும் மூன்றும் சொல்லிவைத்ததுபோல் உட்கார்ந்தன. தெரு, பழைய கரைக்கு நல்ல உள்ளே வந்து நின்றது. அந்த இடத்தில் பழைய ஷீட்டில் வரிசையாக ஏழு கறுப்புச் சதுரங்கள். குடியிருப்பு என்பதற்கு உள்ள குறி. முதல் தடவை அதைக் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஏதோ வீடுகள் என்று தள்ளியிருந்தேன்.

புது அறிக்கை எழுதிக்கொண்டு போய் தாணுமாலயன் சாரிடம் கொடுத்தேன். வாசித்தார். நிமிர்த்தவுமில்லை, கவிழ்க்கவுமில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது போனா ரெண்டு பேருக்கும் மெமோ வரும், கேட்டியா."

"வரட்டும், சார். தப்பு என்னுது."

"ஒனக்கு இன்கிரிமெண்ட் நிக்கும், பெறவு வரும். எனக்கு இன்னும் மூணு மாசம்தான்டே இருக்கு. விசாரணை நிக்கும்போ ரிட்டயர் ஆனா பென்சன் நிக்கும். எளையவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு." அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "மூணு மாசம் பொறுக்கப்பிடாதா? அந்தத் தெரு எங்கயும் ஓடிராது."

எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பயமும் உண்டு. பதினைந்து வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. பொறுத்தேன்.

அந்த மூன்று மாசமும் ரோசம்மா செவ்வாயும் வெள்ளியும் வந்தாள். "என்ன சாரே, எழுதினியளா?" என்று மட்டும் கேட்பாள். "மேலே போயிருக்கு" என்பேன். தாள் என் மேஜை டிராயரில் இருந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

சாருக்கு மாலை போட்டு, சால்வை போட்டு, வடை காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம். மறுநாள் காலை முதல் வேலையாக அறிக்கையை அனுப்பினேன். மெமோ வந்தது. இரண்டு வருஷ இன்கிரிமெண்ட் போயிற்று. அது போகட்டும். அந்த மூன்று மாசத்துக்குள் மேட்டில் இருந்த மனைகளை எல்லாம் மற்றத் தெருக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். மேட்டில் பாதம் வைக்க இடமில்லை. தவறு திருத்தப்பட்டது என்று சொல்லி, பத்தொன்பது குடும்பத்துக்கும் அவர்கள் இருந்த இடத்துக்கே பட்டா கொடுத்தார்கள். சட்டப்படி சரிதான். யாரையும் குறை சொல்ல முடியாது, என்னைத் தவிர.

அதற்கு அடுத்த ஆனியில் முன்வரிசை போயிற்று. அதற்கடுத்த வருஷம் குருசடியும் போயிற்று, தெருவும் முழுசாகப் போயிற்று. ஆட்கள் ஒவ்வொரு திக்காய்ப் பிரிந்தார்கள். நான் அன்றைக்குத் தப்பாக எழுதியது இன்றைக்குச் சரி. போய்ப் பார்த்தால் அந்த இடம் கடல். அந்தப் பிள்ளைக்குப் போனில் இதை எப்படிச் சொல்வது?

எனக்கு வீடு இரணியல் பக்கம். ஓய்வு பெற்ற மறுவருஷம் ஒருநாள் காலையில் கேட்டில் மீன்காரி கூப்பிடும் சத்தம். என் மனைவி சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே எட்டிப் பார்த்தேன். மீன்காரிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, ஆனாலும் ரோசம்மா என்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"நீங்க அந்தப் படக்கார சாரல்லியா?"

உள்ளே வரச் சொன்னேன். மகள் வீடு இங்கே ஸ்டேஷன் பக்கம், அங்கேதான் இருக்கிறாளாம். விடியக்காலம் பஸ் பிடித்துக் குளச்சலுக்குப் போய் ஏலத்தில் எடுத்து வந்து விற்கிறாளாம். "கடலுக்க சத்தம் இல்லாத்த எடத்துல ஒறக்கம் வராது, சாரே. பெறவு பழகிப்போச்சு" என்றாள். பட்டாவைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறாளாம். "கடலுல எனக்கு ரெண்டு சென்ட் உண்டு" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று மாசத்தையும், சார் அதைக் கேட்ட காரணத்தையும் சொன்னேன். தாள் டிராயரில் இருந்ததைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது, என் மனைவிகூட அன்றைக்குத்தான் கேட்டாள். ரோசம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அந்தப் பெரிய சாரு இப்ப உண்டா?"

"இல்லம்மா. போயிட்டாரு."

"பென்சன் கிட்டிச்சா?"

"கிட்டிச்சு."

"மவளுக்குக் கல்யாணம்?"

"நடந்துச்சு."

"செரி. ஆருக்காவது ஒண்ணு நடந்துதே" என்றாள். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எழுந்து போகப் போனவள், "அந்தப் படம் ஒங்களுக்க கையில உண்டா? நான் அத ஒருக்கலும் கண்டதில்ல" என்றாள். உண்மைதான். நாலு வாரமும் மூன்று மாசமும் வாசலில் நின்றவளை, ஒரு தடவைகூடக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டவில்லை. என்ன மனுசன் நான்!

அந்த ஷீட்டிலிருந்து கண்ணாடி மேஜையில் வரைந்த நகல் ஒன்று அலமாரியில் இருந்தது. எடுத்து மேஜையில் விரித்தேன். அவள் பின்கட்டுக்குப் போய்ச் செதிள் போகக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். கோயில் குறியைக் காட்டினேன். "பழைய கோயிலு" என்று தொட்டாள். அதற்குப் பக்கத்தில் ஏழு கறுப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றும் எள்ளு அளவு.

"இது வீடுவளா? கோயிலுல இருந்து எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு..." விரல் நின்றது. "எங்களுக்கது நாலாமத்த வீடு. இதானே சாரே?"

ஒரு மைலை ஒரு அங்குலத்தில் அடக்குகிற படத்தில் யாரும் வீடு வீடாக வரைவதில்லை. இருபது வீடு இருந்தால், இங்கே மனுசர் இருக்கிறார்கள் என்று காட்ட ஆறோ ஏழோ சதுரம் போடுவார்கள். அதில் எதுவும் யாருடைய வீடும் இல்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அளக்காததை ஆமாம் என்று சொல்லக் கூடாது. என் உத்தியோகம் முழுக்க அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

"இதேதான்" என்றேன். "நாலாமத்தது. உங்க அப்பா பொறந்த வீடு."

அவள் விரலை எடுக்கவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்க பெறத்தே ஒரு கெணறு உண்டு. அத இவிய போடல்லியே, சாரே?"

"எந்தப் பக்கம்?"

"கெழக்க."

பென்சிலை எடுத்து, அந்த நாலாவது சதுரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன வட்டம் போட்டேன்.